பிபிசி மைக்ரோவின் ஃப்ளாப்பி டிரைவ் மக்கர் செய்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1984-85இல் மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த கம்ப்யூட்டர் பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்டது. பள்ளி ஏலத்திலோ பழைய இரும்புக் கடையிலோ அதை எடுத்து வைத்திருப்பவர்கள் சேலம், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு பக்கம் இன்றும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். கூட வந்த ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி டிரைவ்தான் படுத்துவிடும். செவ்வாய்ப்பேட்டையில் என் வீட்டுத் திண்ணைக்கு டிரைவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

டிரைவ் படிக்கவே மாட்டேங்குதுங்க. அவ்வளவுதானா, தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். என்னிடம் வந்த டிரைவ்களில் நிஜமாகவே உயிர் போனவை மிகச் சில. பலவற்றில் ஹெட்டில், அதாவது டிஸ்க்கைப் படித்து எழுதும் முனையில், அழுக்கு, அல்லது மசகு இறுகிப்போனது, அல்லது கேபிள் தளர்ந்தது. இன்னும் பல நேரம் டிரைவின் மேல் குற்றமே இருக்காது. உள்ளே போட்ட டிஸ்க்தான் கெட்டிருக்கும். டிரைவ், டிஸ்க், கம்ப்யூட்டர் மூன்றில் எது என்று தெரியாமல் ஸ்க்ரூடிரைவரை எடுக்கக் கூடாது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். சந்தேகமான டிரைவில் முக்கியமான டிஸ்க்கைப் போட்டுப் பார்க்காதீர்கள். அழுக்கு ஏறிய ஹெட் டிஸ்க்கின் மேல்பூச்சைச் சுரண்டிவிடும். டிரைவை நாளைக்கும் சரிசெய்யலாம், வேறு டிரைவும் கிடைக்கும். சுரண்டிப்போன பூச்சில் இருந்ததைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. போனால் பரவாயில்லை என்று நினைக்கும் டிஸ்க் இரண்டு மூன்றைச் சோதனைக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளுக்குள்ள என்னதான் நடக்குது? அது தெரிஞ்சாத்தானே பாக்க முடியும்?

ஒரு மோட்டார் டிஸ்க்கை நிமிஷத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது. இன்னொரு மோட்டார், அதாவது ஸ்டெப்பர் மோட்டார், ஹெட்டை இரண்டு தண்டவாளக் கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் படிப்படியாக நகர்த்துகிறது. ஒவ்வொரு படியும் ஒரு டிராக், அதாவது டிஸ்க்கில் ஒரு வட்டத் தடம். ஹெட் வெளி ஓரத்துக்கு வந்துவிட்டதைச் சொல்ல ஒரு சென்சார் உண்டு. டிஸ்க்கில் நடு வட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஓட்டை கடக்கும்போது ஒரு சுற்று தொடங்குகிறது என்று சொல்ல இன்னொரு சென்சார் உண்டு. இரண்டுமே ஒளியை வைத்து வேலை செய்பவை, அதனால் தூசி அடைத்தால் குருடாகிவிடும்.

பிபிசியின் சாதாரண டிஸ்க்கில் 40 டிராக், டிராக்குக்கு 10 செக்டர் (தடத்தின் துண்டு), செக்டருக்கு 256 பைட். ஆக மொத்தம் 100 கேபி. கோப்புகளின் பெயர்ப்பட்டியல் முழுவதும் டிராக் 0-வின் முதல் இரண்டு செக்டரில்தான் இருக்கும், 31 பெயருக்கு மேல் இடமில்லை. இந்த இரண்டு செக்டரைப் பற்றிக் கடைசிக் கேள்வியிலும் பேசப்போகிறோம்.

ஸ்க்ரீன்ல "டிஸ்க் ஃபால்ட் 18"னு வருது. 18னா என்னங்க?

அந்தக் காலத்து இயந்திரத்தில் இவ்வளவு நேர்மையான தகவல் வருவதே பெரிய உதவி. முதலில் வருவது பிழையின் எண். "அட்" என்பதற்குப் பிறகு வருபவை டிராக்கும் செக்டரும். எல்லாமே பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்கள், அதாவது 9-க்குப் பிறகு A முதல் F வரை எழுத்துகள் வரும். 18 என்றால் தேடிய செக்டரே கண்ணில் படவில்லை. 0இ (0E) என்றால் செக்டர் கிடைத்தது, அதில் உள்ள தகவல் சரிபார்ப்பில் தேறவில்லை. 0சி (0C) என்றால் செக்டரின் முகவரிப் பகுதியே சிதைந்திருக்கிறது. 14 என்றால் டிராக் 0 சென்சார் பதில் தரவில்லை. 10 என்றால் டிரைவ் தயாராக இல்லை.

எண்ணைவிட அது எங்கே வருகிறது என்பதை எழுதி வையுங்கள். எந்த டிஸ்க்கைப் போட்டாலும் டிராக் 0-விலேயே 18 வந்தால் பெரும்பாலும் ஹெட் அழுக்காக இருக்கிறது. ஒரே டிஸ்க்கில் ஒரே இடத்தில் மட்டும் 0இ வந்தால் டிஸ்க்கில் அந்த இடம் கெட்டிருக்கிறது, டிரைவைக் கழற்ற வேண்டியதில்லை. இடம் மாறி மாறி வந்தால் வேகம், மின்சாரம், கேபிள் மூன்றையும் பாருங்கள்.

லைட்டும் எரியல, மோட்டாரும் சுத்தல. எங்க ஆரம்பிக்கறது?

மல்டிமீட்டரில் ஆரம்பியுங்கள். டிரைவுக்கு 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் வேண்டும். 5 வோல்ட் மின்னணுப் பலகைக்கு, 12 வோல்ட் மோட்டாருக்கு. நான்கு ஒயர் பிளக்கில் வழக்கமாகச் சிவப்பு 5, மஞ்சள் 12, நடுவில் இரண்டு கறுப்பு. மோட்டார் சுற்றத் தொடங்கும் நொடியிலும் 5 வோல்ட் 4.75-க்குக் கீழே இறங்கக் கூடாது. சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, சுற்றும்போது சரியும் சப்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிபிசியின் அடிப்பக்கத்தில் டிரைவுக்கென்றே ஒரு பவர் சாக்கெட் இருக்கிறது. அதிலிருந்து 5 வோல்ட்டிலும் 12 வோல்ட்டிலும் தலா 1.25 ஆம்பியர்தான் எடுக்கலாம். ஒரு டிரைவுக்குப் போதும். இரண்டு பழைய கனமான டிரைவ்களை அதில் மாட்டினால் திணறும், தனி சப்ளை வையுங்கள்.

கம்ப்யூட்டர ஆன் பண்ணின உடனே டிரைவ் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு, அணையவே மாட்டேங்குது.

34 ஒயர் ரிப்பன் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்கள். அந்தக் கேபிளில் ஒற்றைப்படை ஒயர்கள் எல்லாம் எர்த். திருப்பிச் செருகினால் எல்லா உத்தரவும் ஒரே நேரத்தில் போனதுபோல டிரைவ் நினைத்துக்கொள்ளும். டிரைவ் இதனால் கெடாது. ஆனால் உள்ளே டிஸ்க் இருந்தால் அதில் எழுதிவிட வாய்ப்புண்டு. முதலில் டிஸ்க்கை எடுங்கள், பிறகு சுவிட்சை அணையுங்கள், அப்புறம் கேபிளைத் திருப்புங்கள். சிவப்புக் கோடு உள்ள ஓரம் 1-ஆம் எண்.

கையோடு டிரைவின் பின்னால் உள்ள தங்க நிறப் பட்டைகளையும் பாருங்கள். கறுத்திருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பத்தில் இரண்டு மூன்று டிரைவ் இதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

லைட் எரியுது, சுத்துது, டக்கு டக்குனு சத்தமும் வருது. ஆனா படிக்க மட்டும் மாட்டேங்குது.

அப்படியானால் ஹெட்டைச் சுத்தம் செய்யும் நேரம். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். 99 சதவீதம் என்று போட்டதை வாங்குங்கள். மருந்துக் கடை ஸ்பிரிட்டிலும் சானிடைசரிலும் தண்ணீரும் வேறு சமாச்சாரங்களும் கலந்திருக்கும், அவை வேண்டாம். சுத்தம் செய்யும் டிஸ்க் என்று விற்பதையும் நான் நம்புவதில்லை, உலர்ந்தபடி ஓட்டினால் அது உப்புத்தாள் மாதிரி.

ஹெட் என்பது சின்ன வெள்ளைப் பீங்கான் பொத்தான் மாதிரி இருக்கும், நடுவில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. தகவல் எல்லாம் அந்தக் கோட்டின் வழியாகத்தான். பஞ்சுக் குச்சியை ஐபிஏ-வில் நனைத்து, பிழிந்து, ஹெட்டின் மேல் முன்னும் பின்னும் இலேசாக ஓட்டுங்கள். பஞ்சு தேநீர் நிறத்தில் வந்தால் அது ஏதோ ஒரு டிஸ்க்கின் பூச்சு. வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடையுங்கள். கொலுசுப் பட்டறைகளில் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் லென்ஸ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் ஹெட்டில் அந்த லென்ஸ் வழியாகப் பார்த்தால் கோட்டின் ஓரத்தில் ஒரு மேடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மேடு ஒன்றே போதும், டிஸ்க்குக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி விழுந்துவிடும்.

இரண்டு பக்கமும் படிக்கும் டிரைவில் மேல் ஹெட் ஒரு மெல்லிய தகட்டில் தொங்குகிறது. அதை விரலால் உயரத் தூக்காதீர்கள். ஒருமுறை அவசரத்தில் நான் தூக்கி, தகடு வளைந்து, நல்ல டிரைவ் ஒன்றின் மேல்பக்கத்தை நிரந்தரமாக இழந்தேன். குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். ஒரு பக்கம் மட்டும் படிக்கும் டிரைவில் மேல் ஹெட்டுக்குப் பதிலாகச் சின்னக் கம்பளித் துண்டு இருக்கும். அது தேய்ந்து கல்லாகியிருந்தால் டிஸ்க் ஹெட்டில் சரியாகப் பதியாது.

தண்டவாளக் கம்பிக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? தையல் மிஷினுக்கு விடறது விடலாமா?

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஏற்காட்டில் மார்கழிக் காலையில் தலைக்கு வைக்கும் எண்ணெய் பாட்டிலில் கட்டியாக நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். நாள்பட்டால் பிசுபிசுத்துப் பசையும் ஆகும். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அடிக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம், அது எல்லா இடமும் பரவிக் கடைசியில் ஹெட்டில் போய் உட்காரும்.

முதலில் பழைய மசகை ஐபிஏ-வால் முழுக்கத் துடைத்தெடுங்கள். தேன் நிறத்தில் மெழுகு மாதிரி வரும். பிறகு தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டைத் துணியில் தொட்டு, கம்பியில் தேய்த்தது தெரியாத அளவுக்குப் பூசினால் போதும். மின்சாரம் இல்லாதபோது ஹெட் வண்டியை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். எங்கும் பிடிக்காமல் ஒரே சீராக நகர வேண்டும்.

சேலத்துல நல்லா ஓடின டிரைவ், ஏற்காட்டுக்கு எடுத்துட்டுப் போனா காலைல மட்டும் ஓட மாட்டேங்குது. மதியம் ஓடுது. இது என்ன மாயம்?

இந்தக் கேள்வியை எனக்கு மிகவும் பிடிக்கும். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காற்றின் குணமே மாறிவிடுகிறது. முந்தைய பதிலில் சொன்ன இறுகிய மசகு, சேலத்து வெயிலில் ஓரளவு இளகி ஹெட்டை நகர விடும். மலைக் குளிரில் அது கெட்டியாகி, ஸ்டெப்பர் மோட்டார் ஒரு படி தள்ளச் சொன்னால் ஹெட் முக்கால் படிதான் போகும். மதியம் அறை சூடானதும் சரியாகிவிடும். காலையில் ஓடாமல் மதியம் ஓடும் டிரைவுக்குப் பெரும்பாலும் மசகை மாற்றுவதே மருந்து.

இன்னொன்று ஈரம். குளிர்ந்த டிஸ்க் பெட்டியை ஏற்காட்டிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து, கீழே வெதுவெதுப்பான ஈரக்காற்றில் உடனே திறந்தால் டிஸ்க்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். மூடிய பெட்டியை இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு திறங்கள். மலையில் வைத்திருப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் அது ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது. வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

டிஸ்க்ல வெள்ளை வெள்ளையா புள்ளி இருக்கு. போடலாமா?

போடாதீர்கள். அது பூஞ்சை. ஏற்காட்டிலிருந்து வரும் டிஸ்க்குகளில் பாதிக்குமேல் இது இருக்கிறது. அப்படியே ஓட்டினால் பூஞ்சை ஹெட்டில் ஏறி, ஹெட்டிலிருந்து அடுத்த டிஸ்க்குக்கும் போகும்.

டிஸ்க்கைக் கழுவலாம், பயப்பட வேண்டாம். பூச்சு தண்ணீருக்கு அஞ்சாது, விரல் ரேகைக்கும் கீறலுக்கும்தான் அஞ்சும். கறுப்பு உறையின் மேல் ஓரத்தை பிளேடால் கவனமாகப் பிளந்து உள்ளே இருக்கும் வட்டத்தை வெளியே எடுங்கள். நடு ஓட்டையிலும் விளிம்பிலும் மட்டும் பிடியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, வட்டத்தை அதில் அலசி, விரல் நுனியில் மென்மையான ஈரத்துணியைச் சுற்றி வட்டப்போக்கில் துடையுங்கள். கடைசியாக பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள், குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு படியாமல் இருக்க. நிழலில் காய வையுங்கள். பழைய உறையின் உட்துணியிலும் பூஞ்சை இருக்கும். அதனால் வேண்டாத டிஸ்க் ஒன்றின் சுத்தமான உறைக்குள் இதைப் போட்டு, படியெடுத்து முடிக்கும்வரை அதிலேயே வையுங்கள்.

ஓடும்போது கீச்சுனு ஒரு சத்தம் வருதுங்க, பரவாயில்லையா?

உடனே நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் அவசரம் என்று நான் சொல்வது இது ஒன்றைத்தான். பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை சிதைந்து, பூச்சு உரிந்துகொண்டிருக்கிறது. டிஸ்க்கை எடுத்து நீள ஓட்டை வழியாகப் பார்த்தால் பளபளவென்று ஒரு வளையம் தெரியும், சில நேரம் வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கமே தெரியும். அந்த வளையத்தில் இருந்தது போனதுதான். ஹெட்டைச் சுத்தம் செய்யாமல் அடுத்த டிஸ்க்கைப் போட்டால் அதிலும் அதே வளையம் விழும்.

"டிஸ்க் ரீட் ஒன்லி"னு சொல்லுது. நான் எதையும் பூட்டலையே?

ஐந்தேகால் அங்குல டிஸ்க்கில் ஓரத்து வெட்டு திறந்திருந்தால் எழுதலாம், ஒட்டி மூடினால் எழுத முடியாது. மூன்றரை அங்குல டிஸ்க்கில் இது நேர்மாறு, அதனால்தான் குழப்பம். வெட்டு திறந்திருந்தும் இப்படி வந்தால் அந்த சென்சாரில் தூசி. பூட்ட நினைத்து ஒட்டும்போது கண்ணாடி செல்லோடேப் ஒட்டாதீர்கள், ஒளி ஊடுருவிப் போய்விடும்.

வேகம் சரியா இருக்கான்னு வீட்டுலயே பாக்க முடியுமா?

முடியும், அதுவும் அழகான முறையில். பழைய டிரைவ்களைத் திருப்பிப் பார்த்தால் சக்கரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்று 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, இன்னொன்று 60-க்கு. நமக்கு 50. சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். டிரைவ் நொடிக்கு 5 சுற்று. ஆக 20 கோடு உள்ள வளையம் அந்த வெளிச்சத்தில் சுற்றிக்கொண்டே அசையாமல் நிற்பது போலத் தெரியும். மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்தால் வேகம் கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. பெரும்பாலான எல்.இ.டி. விளக்கில் இது தெரியாது. இதற்காகவே ஒரு பழைய டியூப்லைட் பட்டியைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன். இரவில் மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஓடும் சக்கரம் கண்ணெதிரே உறைந்து நிற்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் பட்டியைக் கழற்ற உங்களுக்கும் மனசு வராது.

கோடு ஓடினால் பலகையில் உள்ள சின்னத் திருகை மிக மிகக் கொஞ்சம் திருப்ப வேண்டும். 297-க்கும் 303-க்கும் நடுவில் இருந்தால் நான் தொடமாட்டேன். கோடு முன்னும் பின்னும் ஊசலாடினால் திருகில் கோளாறு இல்லை, பெல்ட் தொய்ந்திருக்கிறது. கேசட் டெக் பழுது பார்த்தவர்களிடம் தட்டைப் பெல்ட் கிடைக்கும். அதே சுற்றளவு, அதே அகலம் இருக்க வேண்டும். கடையில் பணக்கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டைப் போடாதீர்கள், ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வேகம் போகும்.

இந்த டிரைவ்ல எழுதினா இதுலயே படிக்குது. வேற எங்கயும் படிக்கல. அங்க எழுதினது இங்க படிக்கல.

ஹெட் தன் பாதையிலிருந்து விலகியிருக்கிறது. தவறான தடத்தில் எழுதி, அதே தவறான தடத்தில் படிப்பதால் தனக்குத்தானே சரியாக இருக்கிறது. முதலில் மசகையும் வேகத்தையும் மேலே சொன்னபடி பார்த்து முடியுங்கள், ஏனென்றால் இரண்டும் இதே அறிகுறியைக் காட்டும். பிறகு வெவ்வேறு டிரைவில் எழுதிய மூன்று டிஸ்க்காவது போட்டுப் பாருங்கள். மூன்றும் படிக்கவில்லை என்றால்தான் உங்கள் டிரைவின் மேல் சந்தேகப்படலாம்.

ஸ்டெப்பர் மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி அட்ஜஸ்ட் செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். கண்ணாலும் காதாலும் அதைச் செய்ய முடியாது. அதற்கென்று தனியாகப் பதிவு செய்த டிஸ்க் உண்டு. 40 டிராக் டிரைவுக்கு அதன் 16-ஆம் டிராக்கை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் பூனையின் இரண்டு கண் போல உருவம் தெரியும். இரண்டும் ஒரே அளவு இருந்தால் ஹெட் நடுவில் இருக்கிறது. அந்த டிஸ்க்கும் ஸ்கோப்பும் இல்லாமல் திருகைத் தொட்டால் திரும்பி வர வழி தெரியாது. மார்க்கர் பேனாவால் பழைய இடத்தைக் கோடு போட்டுவிட்டுத் தொட்டால்கூட எனக்குச் சம்மதமில்லை.

80 டிராக் டிரைவ்ல 40 டிராக் டிஸ்க்க போட்டா என்ன ஆகும்?

டிரைவில் 40/80 ஸ்விட்ச் இருந்து, அதை 40-இல் வைத்தால் ஹெட் இரண்டிரண்டு படியாகத் தாண்டிப் படிக்கும், பிரச்சினை இல்லை. எழுதினால்தான் வம்பு. 80 டிராக் ஹெட் பாதி அகலம்தான் எழுதும். பழைய தகவல் பக்கத்தில் அப்படியே கிடக்கும். அந்த டிஸ்க்கை 40 டிராக் டிரைவில் போட்டால் இரண்டும் சேர்ந்து குழம்பி 18 வரும். படிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

பழைய பிசியில இருந்து கழட்டின டிரைவ் இருக்கு. அதை பிபிசியில மாட்டலாமா?

360 கேபி என்றால் தாராளமாக மாட்டலாம். 40 டிராக், 300 சுற்று, எல்லாம் பொருந்தும். பிசி டிரைவ்கள் இரண்டாவது டிரைவாக எண்ணிட்டு வந்திருக்கும். அந்த எண்ணைத் தீர்மானிக்கும் சின்ன இணைப்புத் துண்டான ஜம்பரை முதல் இடத்துக்கு, அதாவது டிஎஸ்0-க்கு, மாற்றுங்கள். நடுவில் முறுக்கிய பிசி கேபிளை விட்டுவிட்டு நேரான கேபிளைப் போடுங்கள். ஒரே டிரைவ் என்றால் அதன் டெர்மினேட்டர் ரெசிஸ்டர் (கேபிளின் முடிவில் சிக்னலைச் சீராக்குவது) இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இரண்டு இருந்தால் கேபிளின் கடைசியில் உள்ளதில் மட்டும்.

1.2 எம்பி டிரைவ் வழக்கமாக 360 சுற்று சுற்றும், அதனால் ஒத்துவராது. அதன் எச்டி (அதிக அடர்த்தி) டிஸ்க்குகளும் வேண்டாம். அந்தப் பூச்சைக் காந்தமாக்க அதிக வலு வேண்டும். பிபிசியில் ஃபார்மேட் ஆனதுபோல் ஏமாற்றிவிட்டு ஒரு வாரத்தில் 0இ காட்டும்.

மூடியைத் திறந்து வெச்சு வெயில்ல பாத்தா வேலை செய்யல, மூடினா வேலை செய்யுது!

இரண்டாவது பதிலில் சொன்ன ஒளி சென்சார்கள்தான் காரணம். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் அவை ஏமாந்துவிடும். டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது, இடத்தை மாற்றுங்கள்.

கம்ப்யூட்டர் பின்னாடி இருந்து திடீர்னு புகை, நாத்தம். டிரைவ் போச்சா?

பெரும்பாலும் டிரைவ் தப்பித்திருக்கும். பிபிசியின் பவர் சப்ளைக்குள் மின்வரவு பக்கம் ஒரு கெபாசிட்டர் உண்டு. தேன் நிறக் கண்ணாடி மாதிரி உறை, நாள்பட்டால் விரிசல் விட்டு ஈரம் புகுந்து வெடிக்கும். எக்ஸ்2 என்று முத்திரை உள்ள புதியதைப் போட வேண்டும். பவர் சப்ளைக்குள் அணைத்த பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும், பழக்கமில்லாதவர்கள் திறக்காதீர்கள். வெடிக்கும்வரை காத்திராமல் வாங்கியவுடன் மாற்றச் சொல்லுங்கள். கூடவே, கரண்ட் போய் வரும் ஊர்களில் டிஸ்க்கை உள்ளே விட்டு எழுந்து போகாதீர்கள். ஆன் ஆகும், ஆஃப் ஆகும் நொடியில் ஹெட் தாறுமாறாக எழுதிவிடலாம்.

டிரைவோட போராடாம பென் டிரைவ்ல ஓட்ட வழி இல்லையா?

இருக்கிறது. கோட்டெக் என்ற பெட்டி, 34 ஒயர் கேபிளில் ஃப்ளாப்பி டிரைவ் மாதிரியே உட்காரும். அதில் ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் பென் டிரைவில் உள்ள டிஸ்க் படிகளை பிபிசி நிஜ டிஸ்க் என்றே நம்பும். தினசரி விளையாடவும் புரோகிராம் எழுதவும் நானே அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் உங்களிடம் இருக்கும் பழைய டிஸ்க்கை அது படிக்காது. அதற்கு உயிருள்ள டிரைவ் ஒன்றாவது வேண்டும்.

ஒரே ஒரு டிஸ்க். ஒரு தடவதான் படிக்கும்னு தோணுது. எப்படிப் படிக்கறது?

பிபிசியில் போடாதீர்கள். முதலில் ஓரத்து வெட்டை ஒட்டி மூடுங்கள். பூஞ்சை இருந்தால் கழுவுங்கள். பிறகு கிரீஸ்வீசல் என்ற உள்ளங்கை அளவுப் பலகை மூலம் நல்ல டிரைவ் ஒன்றை இன்றைய கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. வழியே இணையுங்கள். செக்டர் சரியா தவறா என்று அது முதலில் பார்ப்பதில்லை. ஹெட்டுக்கு அடியில் காந்தம் மாறும் ஒவ்வொரு கணத்தையும் அப்படியே பதிந்துகொள்ளும். ஒரு டிராக்கை ஐந்து சுற்று, பத்து சுற்று என்று பதிந்து வைத்தால், ஒரு சுற்றில் தேறாத செக்டர் இன்னொரு சுற்றில் தேறும். டிஸ்க்கை எடுத்து வைத்த பிறகும் பதிவை வைத்து எத்தனை நாள் வேண்டுமானாலும் முயலலாம். டிரைவின் வேகத்தையும் அதுவே அளந்து சொல்லும், டியூப்லைட் கிடைக்காதவர்களுக்கு உதவும்.

போன வருடம் மலையிலிருந்து ஒரு டிஸ்க் வந்தது. பள்ளியில் படித்த காலத்தில் எழுதியது, கொண்டுவந்தவருக்கு இப்போது ஐம்பதுக்கு மேல். பிபிசி அதில் பெயர்ப்பட்டியலையே காட்டவில்லை. டிராக் 0-வின் முதல் இரண்டு செக்டர் பூஞ்சையில் போயிருந்தது. பெயர் போனாலும் கோப்புகள் அதனதன் இடத்தில் கிடக்கும். கழுவி, இருபது சுற்று பதிந்து, ஒவ்வொரு செக்டராகப் பிரித்துப் பார்த்ததில் டிராக் 3-இல் ஒரு பேசிக் புரோகிராம் முழுசாகக் கிடைத்தது. முதல் ரெம் (குறிப்பு) வரியில் வகுப்பும் பிரிவும். கீழே மூவ், டிரா என்ற வரையும் கட்டளைகளில் வரிவரியாக ஏற்காடு ஏரியின் கரை, நடுவில் ஒரு படகு. கோட்டெக்கில் ஏற்றி ஓட்டியபோது படகு ஒரு புள்ளியளவு வலப்பக்கம் நகர்ந்தது. அடுத்த டிராக்கில் இன்னும் இரண்டு செக்டர் 0இ-யிலேயே நிற்கிறது. பதிவு என்னிடம் இருக்கிறது, மழைக்காலம் முடிந்ததும் வேறொரு டிரைவில் அந்த டிஸ்க்கை மறுபடி பதிந்து பார்க்கப்போகிறோம்.